தங்கமீன் எப்போது செத்தது?

இங்கிலாந்தில் 1956-இல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்த தங்கமீன் ஒன்று 1999 வரை உயிரோடு இருந்தது. டிஷ் என்று அதற்குப் பெயர். 43 வயது வாழ்ந்து கின்னஸ் சாதனைப் புத்தகத்திலும் ஏறிவிட்டது. டிஷ் விதிவிலக்குதான். ஆனாலும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பத்து, பதினைந்து ஆண்டு வாழ்வது தங்கமீனுக்கு இயல்பு. நம் வீடுகளிலோ இந்த ஞாயிற்றுக்கிழமை வாங்கிவந்த மீன் அடுத்த ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்துவிட்டாலே பெரிய விஷயம்.

செத்த மீனை வலையில் அள்ளிப் பூந்தொட்டி மண்ணில் புதைத்துவிட்டு வரும்போது வீட்டுப் பெரியவர்கள் ஓர் ஆறுதல் சொல்வார்கள்: "விடு கண்ணு, நமக்கு வர இருந்த கண்டம் அதோட போச்சு." வாஸ்துவுக்காகத் தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் இந்த நம்பிக்கை ஆழமானது. குழந்தையின் அழுகையை நிறுத்த அது நன்றாகவே உதவும். கூடவே விசாரணையையும் அங்கேயே முடித்துவிடும் என்பதுதான் சிக்கல். தொட்டியைக் கழுவிய மூன்றாம் நாள் தவறாமல் கண்டம் வருகிறது என்றால், அது கிரகக் கோளாறாக இருக்க வாய்ப்பில்லை.

விவரம் தெரிந்தவர்கள் கண்டத்தை விட்டுவிட்டுக் கடைக்குப் போவார்கள். "என்ன நோய்னு தெரியலண்ணே, ஏதாவது மருந்து குடுங்க" என்பார்கள். நீல நிறத்தில் ஒரு புட்டி கைக்கு வரும். மிச்சமிருக்கும் மீன்களும் நீலத் தண்ணீரில் சாகும். நோயைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு: எப்போது செத்தது, எத்தனை செத்தது? வீட்டுத் தொட்டியில் நடக்கும் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கோளாறு தண்ணீரில்தான் இருக்கும். அந்தத் தண்ணீருக்கு என்ன நேர்ந்தது என்பதை நாள்கணக்கே காட்டிக்கொடுத்துவிடும்.

வாங்கிவந்த அன்றைக்கோ மறுநாள் காலைக்குள்ளோ செத்தால், முதல் சந்தேகம் குழாய்த் தண்ணீர் மேல். கிருமி ஒழிக்கக் குடிநீரில் கலக்கும் குளோரின் நம்மை ஒன்றும் செய்யாது. மீனின் செவுளைப் பொசுக்க அந்த அளவே போதும். வாய் அகன்ற பக்கெட்டில் தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். ஏர் பம்ப்பின் குமிழிக் கல்லை அதில் போட்டு ஓடவிட்டால் இன்னும் சீக்கிரம். அவசரத்துக்குக் கடைகளில் 'ஆன்ட்டி குளோரின்' என்று விற்கும் சொட்டு மருந்து இருக்கிறது. அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்ஃபேட். ஃபிலிம் கழுவிய காலத்து போட்டோ ஸ்டூடியோக்காரர்கள் 'ஹைப்போ' என்று சொன்ன அதே உப்பு. போர் தண்ணீரில் குளோரின் இருக்காது. ஆனால் நிலத்தடியிலிருந்து ஏறிய கையோடு அதில் ஆக்சிஜனும் குறைவாக இருக்கும், கரியமில வாயுவும் கூடுதலாகக் கரைந்திருக்கும். அதற்கும் ஓர் இரவு காற்றடித்தாக வேண்டும்.

அடுத்த சந்தேகம், மீன் வந்த பிளாஸ்டிக் பை. பையைத் தொட்டித் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடுவது நல்லது. பைத் தண்ணீரையும் சேர்த்துக் கவிழ்த்தால், கடைத்தொட்டியின் கழிவையும் ஒட்டுண்ணியையும் காசு கொடுத்து வாங்கிவந்ததாக ஆகும்.

மூன்றாம் நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக விழுந்தால் கதையே வேறு. தங்கமீன் சாவுகளில் அதிகமானவை இந்தக் கணக்கில்தான் வருகின்றன. விசித்திரம் என்னவென்றால், அப்போது தொட்டி பார்க்க அருமையாக இருக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரி. எந்த நாற்றமும் இருக்காது. மீன் மட்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்; அல்லது துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடிக்கல்லில் உட்கார்ந்துவிடும். சில மீன்களின் வால் துடுப்பில் சிவப்புக் கோடுகள் ஓடியிருக்கும்.

மீன் தன் கழிவில் பெரும்பங்கை அம்மோனியாவாக, செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீவனம் அழுகினாலும் அதே அம்மோனியாதான். ஏரியில், குளத்தில் இது பொருட்டல்ல. தண்ணீர் ஏராளம், அதைத் தின்னும் பாக்டீரியாவும் ஏராளம். ஒரு வகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்த இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்றுதான் வெகுகாலம் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. மீன் தொட்டிகளில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்ற வேறு இனம் என்று 1998-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். பெயர் எதுவானாலும் நமக்கு வேண்டிய விவரம் ஒன்றுதான். இவை ஃபில்டர் பஞ்சிலும் கற்களிலும் ஒட்டிக்கொண்டு வாழ்பவை; புதுத் தொட்டியில் கிடையாது; போதுமான அளவு பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் தன் கழிவைத் தானே மூச்சில் இழுத்துக்கொண்டிருக்கிறது.

எல்லா ஊர்த் தண்ணீரிலும் இந்த விஷம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. நீரில் அம்மோனியா இரண்டு உருவில் இருக்கும்: ஒன்று அதிகம் தீங்கில்லாத அயனி, மற்றொன்று செவுளுக்குள் நேராக நுழையும் வாயு. பி.எச். அளவும் வெப்பமும் ஏற ஏற இரண்டாவதன் பங்கு கூடும். 20 டிகிரி வெப்பம், பி.எச். 7 உள்ள தண்ணீரில் மொத்த அம்மோனியாவில் வெறும் 0.4 சதவீதம்தான் அந்த வாயு. 30 டிகிரி, பி.எச். 8 என்றால் ஏழரை சதவீதம். ஏறக்குறைய 19 மடங்கு! கோடைக்காலத்தில் உப்பும் கடினமுமான போர் தண்ணீரில் மீன் வளர்க்கும் சென்னைவாசி, குளிர் நாட்டுக்காரர் எழுதிய புத்தகத்தில் 'பரவாயில்லை' என்று போட்டிருக்கும் அளவை நம்பினால் மீன் தப்பாது.

அடுத்து வரும் நைட்ரைட் வேறு வழியில் கொல்கிறது. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு சேர்ந்து அதைப் பழுப்பாக்கிவிடும். பழுப்பேறிய ரத்தம் ஆக்சிஜனைத் தூக்காது. தொட்டியில் ஏர் பம்ப் நுரைதள்ள ஓடும், மீனுக்கோ மூச்சு முட்டும். இதற்கு அடுக்களையிலேயே மருந்து இருக்கிறது. கல் உப்பு. உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே நுழைவதைத் தடுக்கும். லிட்டருக்கு ஒரு கிராம் போதும். 50 லிட்டர் தொட்டிக்கு 50 கிராம். தனியே கரைத்து, மெதுவாக ஊற்ற வேண்டும்.

இந்த இடத்தில் தொட்டியின் அளவையும் பார்த்தாக வேண்டும். கடைகளில் அதிகம் போவது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. கணக்குப் போட்டால் 56 லிட்டர். கல்லும் பொம்மையும் போட்டு, மேலே இரண்டு விரற்கடை விட்டு நிரப்பினால் 45 லிட்டர் தேறும். தங்கமீன் கெண்டை இனம். இடம் கிடைத்தால் கிட்டத்தட்ட ஓரடி வளரும், தின்பதும் கழிப்பதும் அதற்கேற்ப. இந்தத் தொட்டிக்கு ஒரு மீன் தாராளம், இரண்டு நெருக்கம். விற்பவர் "ஆறு வெச்சுக்கோங்க சார், தொட்டி நிறைஞ்சு தெரியும்" என்பார். கண்ணாடிக் குடுவையைப் பற்றிப் பேச்சே வேண்டாம். ரோம் நகராட்சி 2005-இல் உருண்டைக் குடுவையில் மீன் வளர்ப்பதையே தடை செய்துவிட்டது.

தீவனம் இன்னொரு கண்ணி. தங்கமீனுக்கு இரைப்பை என்று தனியே ஒன்று கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போகும். அதனால் எந்நேரமும் தேடிக்கொண்டேயிருக்கும், ஆள் வந்தால் கண்ணாடியருகே ஓடி வந்து வாயைக் காட்டும். கோயில் குளத்தில் பொரி போட்ட கை, வீட்டுத் தொட்டியிலும் சும்மா இருக்காது. காலையில் தாத்தா ஒரு சிட்டிகை, பள்ளிக்கூடம் போகும் முன் பேரன் ஒரு சிட்டிகை, மத்தியானம் பாவம் பார்த்துப் பாட்டி கொஞ்சம் பிஸ்கட் தூள். இரண்டு நிமிடத்தில் தின்று தீராதது எதுவும் அம்மோனியாவாகத்தான் மாறும்.

இனி ஞாயிற்றுக்கிழமைத் தொட்டிக் கழுவல். வழக்கமான காட்சிதான். மீன்களைப் பக்கெட்டுக்கு மாற்றுவார்கள். தொட்டித் தண்ணீர் முழுவதும் மோட்டார் வைத்துச் சாக்கடைக்குப் போகும். கற்களைச் சல்லடையில் கொட்டி, பாத்திரம் துலக்கும் சோப்பில் அலசி, வெயிலில் காயவைப்பார்கள். ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் பிடித்து, பழுப்புத் தண்ணீர் நின்று வெள்ளைத் தண்ணீர் வரும்வரை பிழிவார்கள். அந்தப் பழுப்பில் இருந்ததுதான் ஒன்றரை மாதமாகச் சேர்ந்த பாக்டீரியாப் படை. குளோரின் தண்ணீரும் வெயிலும் மிச்சத்தை முடித்துவிடும். சாயங்காலம் தொட்டி பளபளக்கும், உறவினர் பாராட்டுவார். செவ்வாய்க்கிழமை மீன் மேலே வந்து வாய் பிளக்கும், புதன்கிழமை பூந்தொட்டி.

தொட்டியை முழுதாகக் காலி செய்ய வேண்டிய தேவை சாதாரணமாக வருவதே இல்லை. வாரம் ஒருமுறை கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ தண்ணீரைக் குழாய் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, குளோரின் போன தண்ணீரை ஊற்றினால் போதும். பஞ்சை, எடுத்த அந்தப் பழைய தண்ணீரிலேயே நாலு தரம் அழுத்தி எடுத்து மாட்டிவிட வேண்டும். அழுக்காகத்தான் தெரியும். தெரியட்டும்.

ஒரே இரவில் எல்லாம் போய்விட்டால்? முந்தைய நாள் வரை ஓடி விளையாடிய மீன்கள், காலையில் அத்தனையும் மிதந்தால், நோயை அறவே மறந்துவிடலாம். எந்தக் கிருமியும் அப்படி நேரம் குறித்துக் கொல்லாது. கேட்க வேண்டியது: ராத்திரி கரண்ட் போனதா? போயிருந்தால் ஏர் பம்ப் நின்று ஆக்சிஜன் தீர்ந்திருக்கும். மீன் வளர்ப்புக் குளங்களில் பண்ணைக்காரர்கள் பார்க்கும் ஓர் அடையாளம் இங்கும் உதவும். ஆக்சிஜன் தீர்ந்து சாகும்போது பெரிய மீன்கள் முதலில் போகும், சின்னவை தாக்குப்பிடிக்கும். சாவும் பெரும்பாலும் விடியற்காலையில்தான் நடக்கும். பேட்டரியில் ஓடும் சிறிய ஏர் பம்ப் ஒன்று வாங்கி வைத்தால் தப்பிக்கலாம். அதுவும் இல்லையென்றால் ஒரு மக்கால் தொட்டித் தண்ணீரையே மொண்டு, உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுவதும் வேலை செய்யும்.

கரண்ட் போகவில்லை, சின்னது பெரியது என்ற பேதமில்லாமல் எல்லாம் செத்திருக்கிறது, சாகும்முன் வெட்டி வெட்டி நீந்தின என்றால் சந்தேகம் கொசு மருந்துப் பக்கம் திரும்பவேண்டும். கொசுவத்தியிலும் லிக்விட் இயந்திரத்திலும் இருப்பவை ஆலெத்ரின், டிரான்ஸ்ஃப்ளூத்ரின் போன்ற பைரித்ராய்டுகள். மனித உடல் இவற்றை விரைவாக உடைத்து வெளியேற்றிவிடும். மீனுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு, நுண்ணிய அளவே நரம்பைத் தாக்கும். படுக்கையறையில் மூடிய கதவுக்குள் லிக்விட் எரிகிறது. பக்கத்திலேயே ஏர் பம்ப் அந்த அறைக் காற்றை இரவு முழுக்க உறிஞ்சித் தண்ணீருக்குள் குமிழியாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. விஷம் கொடுக்க இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை யோசித்தாலும் செய்ய முடியாது. பம்ப்பை அடுத்த அறையில் வைத்து நீளமான டியூப் போடுவது, அல்லது தொட்டி இருக்கும் அறையில் கொசுவலைக்கு மாறுவது, இரண்டில் ஒன்று. தெருவில் மாநகராட்சிப் புகை வண்டி வரும்போது ஜன்னலைச் சாத்துவதும், வீட்டில் பூச்சி மருந்து அடிக்கும் நாளில் தொட்டியை வேறு இடத்துக்கு மாற்றுவதும் இதே கணக்கில் சேரும்.

மாடிப்படிக்குக் கீழே புதிதாகச் சிமெண்ட் தொட்டி கட்டி மீன் விட்டவர்களுக்கும் ஒரே நாளில் எல்லாம் போகும் அனுபவம் உண்டு. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து பி.எச். எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். பண்ணைக்காரர்கள் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு, தண்ணீரைப் பல தடவை நிரப்பி இறைத்துப் பதப்படுத்திய பிறகே குஞ்சு விடுவார்கள்.

எல்லாவற்றையும்விடக் குழப்பமானது, ஓராண்டு நன்றாக ஓடிய தொட்டியில், தண்ணீர் மாற்றிய சில மணி நேரத்தில் வரும் சாவு. நல்ல தண்ணீர், குளோரின் எடுத்தாயிற்று, பஞ்சைத் தொடவில்லை. பிறகென்ன? பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னும்போது அமிலம் உண்டாகிறது. தண்ணீரின் கார்பனேட் கடினத்தன்மைதான் அந்த அமிலத்தைச் சமன்செய்யும். மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல், ஆவியான அளவுக்கு மட்டும் ஊற்றிவரும் தொட்டியில் இந்தக் கடினத்தன்மை தீர்ந்துபோய், பி.எச். 6-க்குக் கீழே இறங்கும். சிறுவாணித் தண்ணீர் போன்ற மென்னீரில் இது சீக்கிரமே நடக்கலாம். பி.எச். அவ்வளவு இறங்கினால் பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும், அம்மோனியா சேரும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது தீங்கற்ற உருவில் கிடப்பதால் மீன் சமாளித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ஒருவர் ஆர்வமாகப் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு பி.எச். 8 உள்ள போர் தண்ணீரை ஊற்றுகிறார். கிடந்த அம்மோனியாவில் கணிசமான பங்கு சில நிமிடங்களில் விஷ வாயுவாகிவிடுகிறது. "தண்ணி மாத்தினாத்தான் சாகுது, அதனால மாத்தறதே இல்ல" என்று சிலர் சொல்வது இந்த அனுபவத்தால்தான். கவனித்தது சரி, எடுத்த முடிவு தலைகீழ். இப்படிப்பட்ட தொட்டியில் நாளுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் மெதுவாக மாற்றிவந்தால் மீன் பிழைக்கும்.

இத்தனைக்கும் சந்தேகம் தீர்க்க ஒரே கருவி, சொட்டு விட்டு நிறம் பார்க்கும் பரிசோதனைப் பெட்டி. அம்மோனியா, நைட்ரைட், பி.எச். மூன்றையும் பார்த்துவிடலாம். விலை ஒன்றிரண்டு ஜோடி நல்ல ஒராண்டா வகைத் தங்கமீன் வாங்குவதற்குச் சமமாக இருக்கலாம். அதனாலேயே கடைக்காரரும் எடுத்துக் காட்டுவதில்லை, வாங்குபவரும் கேட்பதில்லை. அம்மோனியாவோ நைட்ரைட்டோ தென்பட்டால் செய்ய வேண்டியது அவசரத் தண்ணீர் மாற்றம், இரண்டு நாள் தீவன நிறுத்தம், கூடுதல் காற்று. பழகிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டு பழைய பஞ்சு வாங்கிவந்து நம் ஃபில்டரில் செருகினால் பாக்டீரியா வந்து சேர்ந்துவிடும். அவர் தொட்டியில் நோய் இருக்கக் கூடாது, அவ்வளவே. மருந்தும் மஞ்சள் தூளும் இப்போது வேண்டாம். நீல மருந்தான மெத்திலீன் ப்ளூ நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கக்கூடியது. தர வேண்டிய சமயத்தில் தனிப் பாத்திரத்தில் வைத்துத் தருவதே முறை.

தண்ணீர் சுத்தம் என்று சோதனை சொன்ன பிறகுதான் நோய்க்கு முறை வருகிறது. உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் என்றால் அது இக் என்னும் ஒட்டுண்ணி. மீனின் தோலுக்குள் இருக்கும்போது மருந்து அதைத் தொடாது, வெளியே நீந்தும் பருவத்தில்தான் சாகும். ஆகவே புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துபவர்களிடம் அது மறுபடி வரும். செதில்கள் சிலிர்த்து, வயிறு உப்பியிருந்தால் உள்ளுறுப்பு கெட்டுவிட்டது என்று பொருள். அந்தக் கட்டத்தில் மீட்பது அரிது. உருண்டை உடம்பு மீன் தலைகீழாகப் புரண்டு மிதப்பது பலசமயம் நீச்சல்பைக் கோளாறு. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக உடலைக் குறுக்கி வளர்த்த இனங்களில் இது அடிக்கடி வரும். புது மீன் எதுவானாலும் இரண்டு மூன்று வாரம் தனித்தொட்டியில் வைத்த பிறகு சேர்ப்பதுதான் இவற்றில் பாதியைத் தவிர்க்கும் வழி. சென்னை கொளத்தூர் மீன் சந்தையில் வாங்கினாலும் சரி, தெருமுனைக் கடையில் வாங்கினாலும் சரி.

கோடைக்கும் தங்கமீனுக்கும் ஆகாது என்பதை விற்பவர்கள் யாரும் சொல்வதில்லை. சீனாவில் ஆயிரம் ஆண்டுக்கு முன் வளர்ப்பு மீனாக மாறிய இது, குளிர்நீர் மீன். ஐஸ் மூடிய குளத்துக்கு அடியில், ஆக்சிஜன் சுத்தமாக இல்லாமலே பல நாள் தாக்குப்பிடிக்கும். உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தைச் சாராயமாக மாற்றிச் செவுள் வழியே விட்டுவிடும் வித்தை அதற்குத் தெரியும். ஆஸ்லோ, லிவர்பூல் ஆய்வாளர்கள் 2017-இல் இதன் மரபணு ரகசியத்தை வெளியிட்டார்கள். இதன் நெருங்கிய உறவான குருசியன் கெண்டையின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் ஏறுமாம். நம் போக்குவரத்துச் சட்டம் ஓட்டுநருக்கு விட்டுவைத்திருப்பது 30. ஆனால் இந்த வித்தையெல்லாம் உடல் அடங்கிக் கிடக்கும் கடுங்குளிரில்தான் பலிக்கும். 30 டிகிரித் தண்ணீரில் உடல் வேகமாக இயங்கும், ஆக்சிஜன் அதிகம் கேட்கும். தண்ணீரோ 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்குவது, 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். மூடியைத் திறந்து, தண்ணீர் மேல் டேபிள் ஃபேன் காற்று படும்படி வைத்தால் ஓரிரு டிகிரி இறங்கும். ஐஸ் கட்டியை நேராகக் கொட்டி ஒரேயடியாகக் குளிர்விப்பது, மீனை வெயிலில் விடுவதைவிட மோசம்.

எல்லாம் பார்த்தும் காரணம் பிடிபடவில்லை என்றால், பொன்னேரியிலும் தூத்துக்குடியிலும் அரசு மீன்வளக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே விசாரிக்கும்போது செத்து நாலைந்து மணி நேரமான மீனைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுபோவதால் பெரிய பயனில்லை. நம் வெயிலில் உடல் அழுகி, அழுகலின் கிருமிகள் நோயின் தடயத்தை மூடிவிட்டிருக்கும். தொட்டியில் தள்ளாடிக்கொண்டிருக்கும் மீனை உயிரோடு, ஆக்சிஜன் பையில் கொண்டுபோக வேண்டும். கூடவே தனிப் புட்டியில் தொட்டித் தண்ணீர் ஒரு லிட்டர். கடைசியாகத் தண்ணீர் மாற்றிய தேதி, பஞ்சு கழுவிய தேதி, புது மீன் சேர்த்த தேதி ஆகியவற்றை ஒரு துண்டுத்தாளில் எழுதி எடுத்துப்போனால், மீனைத் தொடும் முன்னரே பாதி விவரம் அவர்களுக்குக் கிடைத்துவிடும்.